முன்போலவே

தொழிலாளி சவரிமுத்து இறந்து பதினோராவது நாள். ஆலையின் மின் அறையில் இரண்டே பேர் இருந்தார்கள். ஃபோர்மேன் ஞானசிகாமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. பரிசோதனைப் பொறியாளர் தில்லைநாயகிக்கு முப்பத்தெட்டு. பதினான்கு வயது இளையவரிடம்தான் ஆறு வருடமாக அவர் தொழில் கற்கிறார். அதில் அவருக்கு வெட்கம் இருந்ததில்லை. அன்றைக்குப் பயம் இருந்தது.

கேபிளில் கோளாறு வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் பிரேக்கர் விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். அன்று தாமதமாக விழுந்தது. பேனல் கதவு வெடித்துத் திறந்தபோது சவரிமுத்து எதிரே நின்றிருந்தார். அங்கே அவர் ஏன் நின்றார் என்று நிர்வாகம் கேட்கிறது. செத்தவர் மேல் பழியைப் போடுவது சுலபம். திருப்பிப் பேச மாட்டார்.

"அவரு சம்சாரம் கேக்குது மேடம், 'அவரு மேல தப்பா'ன்னு. நான் என்ன சொல்லட்டும்?"

"சி.டி.கிட்ட கேப்போம் அண்ணே."

கேபிளில் ஓடும் பெரிய கரண்ட்டைச் சிறிதாக்கி ரிலேவுக்குச் சொல்வது சி.டி. அது சொல்வதை நம்பித்தான் ரிலே பிரேக்கரைத் தட்டும்.

தில்லைநாயகி கோளாறு அளவுக்குக் கரண்ட் செலுத்தினார். சோதனைக் கருவியின் திரையில் அலை மேலே ஏறியது, பாதியில் பொத்தென்று விழுந்தது.

"சி.டி. போச்சு மேடம். சரக்கே மட்டம்." ஞானசிகாமணியின் குரலில் நிம்மதி தெரிந்தது.

தில்லைநாயகி மின்சாரத்தை நிறுத்தினார். சி.டி.யிலிருந்து போன ஒயர்களை எல்லாம் கழற்றி, கருவியை மட்டும் அதன் முனைகளிலேயே நேரே இணைத்து, மறுபடி செலுத்தினார். அலை முழுசாக வந்தது.

"இப்ப ஒவ்வொண்ணா நீங்களே சேருங்க அண்ணே."

ரிலேவைச் சேர்த்தார். அலை கெடவில்லை. பேனல் மீட்டரைச் சேர்த்தார். அப்போதும் கெடவில்லை. மிச்சம் இருந்தவை மெல்லிய இரண்டு ஒயர்கள். சுவரோரமாக இருநூறு மீட்டர் ஓடி, மேனேஜர் அறையில் இருக்கும் மீட்டருக்குப் போகிறவை. உட்கார்ந்த இடத்திலேயே லோடு தெரிய வேண்டும் என்று மூன்று வருடத்துக்கு முன் மேனேஜர் ஆசைப்பட்டார். ஞானசிகாமணிதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒற்றை ஆளாக இழுத்துக் கொடுத்துப் பாராட்டு வாங்கினார்.

அவர் கை நின்றது.

"சேருங்க."

சேர்த்தார். அலை பாதியில் விழுந்தது.

"தெனமும் சரியாத்தானே காட்டுச்சு மேடம்?"

"தெனமும் ஓடுறது நூறு ஆம்பியர். இவ்வளவு சுமையோட அதச் சொல்லிரும். அன்னிக்கு வந்தது ரெண்டாயிரம். அத முழுசாச் சொல்ல முடியாமப் போச்சு, ரிலே லேட்டாத் தட்டுச்சு."

தில்லைநாயகி வருடாந்திரச் சோதனைக் கோப்பை எடுத்து விரித்தார். சி.டி.யின் தலையில் எவ்வளவு சுமை இருக்கிறது என்று அளந்து எழுத அதில் ஒரு கட்டம் உண்டு. 'பர்டன்' என்பார்கள். முதல் வருடம் ஓர் எண் இருந்தது. அடுத்த ஐந்து வருடமும் ஞானசிகாமணியின் குண்டு எழுத்தில் ஒரே சொல்: முன்போலவே.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் மேடம் கொன்னுட்டேன்."

இல்லை என்று தில்லைநாயகி சொல்லவில்லை. புதுப் படிவத்தையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தார்.

"அளந்து எழுதுங்க."

அளந்தார். எண்ணை எழுதினார். பிறகு படிவத்தை மேலிருந்து கீழ்வரை தேடினார்.

"இதை யாரு சேர்த்தாங்கன்னு எழுதக் கட்டமே இல்லையே மேடம்."

"கீழ கையெழுத்துப் போடுற எடம் இருக்கு அண்ணே. சோதிச்சவர்னு நீங்க, சரிபார்த்தவர்னு நான். அந்த ஒயர் வந்த பெறகும் மூணு வருஷமா ரெண்டு பேருந்தான் போட்டுக்கிட்டு இருக்கோம்."