ஸ்பாஞ்சில் வெட்டிய குழிகள்

ஆலயம் பெருக்கும் நேசபாயின் கையில் மைக்செட் அறைச் சாவியும் அதைக் கவனிக்கும் தொண்டர்களின் பொறுப்பும் இருப்பது சபைச் செயலாளர் வேதமாணிக்கத்துக்குப் பிடிக்கவில்லை.

"கரண்டு போனா இருட்டுல என்ன செய்வீங்க? உன் தொண்டர்கள் கண்ணைக் கட்டிக்கிட்டு, கேட்ட சாமானை எடுத்துத் தரணும். ஞாயிற்றுக்கிழமை சோதிப்பேன். தவறினா சாவியைக் கொடுத்துடு!"

நேசபாய் பெட்டிகளில் ஸ்பாஞ்சு பரப்பி, ஒவ்வொரு சாமானுக்கும் அதன் வடிவிலேயே குழி வெட்டினாள். யாராவது சாமான் வாங்கிப்போனால் அவர் பெயர்ச்சீட்டு அந்தக் குழியில் இருக்கும். தொண்டர்கள் தடவித் தடவிப் பழகினார்கள்.

ஞாயிறன்று, கண்ணைக் கட்டிக்கொண்ட தொண்டர் செல்லக்கனி கேட்டதையெல்லாம் நொடியில் நீட்டினாள். சபையே வாய்பிளந்தது.

"கார்ட்லெஸ் மைக்!" என்றார் செயலாளர்.

செல்லக்கனி குழியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, புடைத்த எழுத்துகளை விரலால் தடவினாள். "வே... த... மா... ஐயா, இது உங்க விசிட்டிங் கார்டு! மகள் நிச்சயதார்த்தத்துக்கு மைக் வாங்கிப்போனப்ப பெயர்ச்சீட்டுக்குப் பதிலா கொடுத்தது."

நேசபாய் பணிவாகச் சொன்னாள்: "இவ கண்ணைக் கட்டிக்கிட்டே கண்டுபிடிச்சிட்டா ஐயா. நீங்க கண்ணைத் திறந்துக்கிட்டே வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வரலாம்."