அது யாரு பல்லு?

ஒரு ஊர்ல ஒரு பொறாமைக்காரி இருந்தாளாம். பேரு அல்லி. உன் வயசுதான். ம் கொட்டு, அப்பத்தான் கதை நகரும்.

அவ வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்துச்சாம். வெள்ளை வெளேர்னு இருந்ததால பேரு பொரி. பொரிக்குப் பல்லு முளைக்கிற நேரம். ஈறு நமநமன்னு ஊற, கட்டில் காலை கறுக் கறுக், அப்பா செருப்பை கறுக் கறுக்.

"இன்னொரு செருப்பைத் தொட்டான்னா, இவனைப் பால்காரர்கிட்ட குடுத்துருவேன்"னாரு அப்பா.

அம்மாவோ, "பாவங்க, பல்லு வலி"ன்னு அதை மடியில தூக்கி வச்சுக்கிட்டா. அல்லிக்கும் முன்பல்லு ஒண்ணு லொடலொடன்னு ஆடிக்கிட்டிருந்துச்சு. "அம்மா, எனக்கும்தான் ஆடுது, பாரேன்"னா. அம்மா திரும்பக்கூட இல்ல. "நாக்கால நெம்பாத, போ."

அல்லிக்கு வயிறு திகுதிகுன்னு எரிஞ்சுதாம். எரியாதா பின்ன?

அப்புறம் அப்பா ரப்பர் பந்து வாங்கிட்டு வந்தாரு. சாயங்காலத்துக்குள்ள துண்டு துண்டு. முழுங்கப்போன துண்டை அம்மாதான் விரல விட்டு எடுத்தா. அப்புறம் பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா குழம்புல வெந்த கோழி எலும்பைப் போட்டாங்க. மடக்! ஊசியா ரெண்டாப் பொளந்துச்சு. "ஐயோ, தொண்டையில குத்திரும்"னு அம்மா பிடுங்கி வீசிட்டா.

அப்போ அம்மா என்ன பண்ணா தெரியுமா? ஒரு பழைய வேட்டியில பாதியைக் கிழிச்சு, இறுக்கிப் பின்னி, நனைச்சு, ஃப்ரீசர்ல வச்சா. ஜில்லுனு விறைச்சதும் பொரிகிட்ட போட்டா. மொறுக் மொறுக். பிரியவும் இல்ல, பிய்யவும் இல்ல. பொழுதுக்கும் தாங்குச்சு.

ஆனா அது எந்த வேட்டிங்கிற? அல்லி தெனம் போத்திக்கிட்டுத் தூங்குற வேட்டி! அம்மா மடி போச்சு, இப்போ போர்வையும் போச்சு.

அப்புறம் பொறுப்பாளா? மறுநாள் அம்மா ஃப்ரீசர்லேருந்து எடுத்து வச்ச பின்னலை லபக்குனு தூக்கிட்டா. அப்பாவோட புதுச் செருப்பைப் பொரி மூஞ்சிக்கு நேரா வச்சுட்டு, கதவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டா. கறுக் கறுக்! போச்சு செருப்பு. வாசல்ல பால்காரர் மணி கிணிகிணி. அப்பா பொரியைத் தூக்கிட்டாரு.

அல்லிக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு. கையில பின்னல் வேற ஜில்லுனு. ஈறு வலிக்கவும் சும்மா கடிச்சுப் பார்த்தா. அடடா, என்ன சுகம்! இன்னொரு கடி. பொதுக்! பல்லு பின்னல்லயே மாட்டிக்கிச்சு. பயந்து போயி வெளிய வீசிட்டா.

தூங்கிட்டியா? ம் சொல்லு.

பின்னல்ல மாட்டியிருந்த பல்லை அம்மா பார்த்துட்டா. "ஏங்க, நில்லுங்க! பொரிக்குப் பல்லு விழுந்துருச்சு!" அப்பா முகம் இளகிருச்சு. "அடப்பாவமே, அந்த வலியிலதான் செருப்பைக் கடிச்சிருக்கான். குடுக்கல, போங்க"ன்னுட்டாரு. பால்காரர்கூட, "செல்லத்துக்கு வலிக்குதா?"ன்னு பொரி தலையைத் தடவுனாரு.

அல்லியால தாங்க முடியல. கதவைத் தள்ளிக்கிட்டு வந்தா.

"அது என் பல்லு!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. வாயில ஓட்டை. அப்பா கேட்டாரு, "அப்போ பின்னல் உன்கிட்டயா இருந்துச்சு? செருப்பை வச்சது?"

"நான்தான். எனக்கும் ஆடுது ஆடுதுன்னு சொன்னேனே! யாரு பார்த்தீங்க?" ஓன்னு அழுதா.

அப்பா பொரியை இறக்கி விட்டாரு. திட்டல. அம்மா அல்லியை வாரி மடியில போட்டு, "எங்கே, ஆ காட்டு"ன்னா. பார்த்தா, பார்த்தா, ரொம்ப நேரம் பார்த்தா.

அப்புறம் பல்லைச் சாணியில உருட்டி, கூரை மேல விசுக்! பொரி வள்!

அன்னிக்குப் படுக்கும்போது மீதி வேட்டியை அல்லி போத்திக்கிட்டா. பொரி கால்மாட்டுல பின்னலைக் கவ்விக்கிட்டு வந்து நின்னுச்சு. அல்லி மொறைச்சுப் பார்த்தா. அப்புறம், "ம்ம், வந்து தொலை"ன்னு ஒரு ஓரத்தைத் தூக்கி விட்டா.

அவங்க தூங்கியாச்சு. கதையும் கொட்டாவி விடுது. நீ கண்ணை மூடு... ஆடுற உன் பல்லை நாளைக்கு நான் பார்க்கிறேன்.