வைத்தியர் ருசி பார்த்த காப்போலை

தென்கரை நாட்டை மானவேள் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனுஷர். கடைசியாக யார் வந்து காதில் பேசினார்களோ அவர்கள் சொன்னதே சரி என்று நம்பிவிடுவார், அது ஒன்றுதான் குறை. அந்த வாரம் கடைசியாகப் பேசியவர் அரண்மனை வைத்தியர் தோணியப்பர்.

அவர் பேசிய பேச்சில் ஊருக்கே புதுச் சட்டம் வந்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு கோட்டை நெல் வைத்தியசாலைக்கு அளந்தால் ஒரு காப்போலை கொடுப்பார்கள். வருஷம் பூராவும் வீட்டில் யாருக்கு நோய் வந்தாலும் காசில்லாமல் வைத்தியம். பௌர்ணமிக்குள் ஓலை வாங்காதவர்களுக்கு வைத்தியசாலைக் கதவு திறக்காது.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. பல்லக்குத் தூக்கும் இசக்கிக்கும் நன்றாகத்தான் இருந்தது, தோணியப்பர் ஓலையை வாசித்துக் காட்டும்வரை. இசக்கியின் பெண்டாட்டிக்கு எட்டு மாசம். மாமியாருக்கு மூச்சிரைப்பு.

"பிரசவம் நோயில்லை, சேராது. மூச்சிரைப்பு ஓலைக்கு முந்தின நோய், அதுவும் சேராது" என்றார் வைத்தியர்.

"என் தோள்வலி, சாமி?"

"அது நீ பல்லக்குத் தூக்கித் தேடிக்கொண்டது."

"அப்ப எதுதான் சாமி சேரும்?"

"இனிமேல் புதிதாக வருகிற நோய். அதுவும் தொண்ணூறு நாள் கழித்து வந்தால். எல்லாம் சேரவேண்டுமென்றால் பெரிய ஓலை இருக்கிறது, பத்துக் கோட்டை."

இசக்கியின் வருஷக் கூலியே எட்டுக் கோட்டை. போன பிரசவத்தில் பெண்டாட்டி பிழைத்ததே பெரும்பாடு. அதை நினைத்ததும் நேரே விகடர் நயினாரிடம் ஓடினான். ராஜாவை முகத்துக்கு நேரே கிண்டல் செய்துவிட்டுத் தலையோடு வீடு திரும்பும் ஒரே ஆள் அவர்தான்.

மறுநாள் சபையில் நயினார் ஓலையை ஒரு வரி விடாமல் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன சிரிப்பு?" என்றார் ராஜா.

"அருமையான ஓலை, அரசே. நோயே இல்லாதவர்களுக்கு ரொம்ப உபயோகப்படும்."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "அப்படியா? நீரே இசக்கிக்கு ஒரு ஓலை பார்த்துக் கொடும். வீட்டில் ஒருத்தர் விடுபடக் கூடாது, ஒரு நோய் விடுபடக் கூடாது, விலையும் ஒரு கோட்டைதான். பௌர்ணமிக்குள் முடியாவிட்டால் இசக்கியோடு சேர்ந்து நீரும் என் பல்லக்கைத் தூக்கும்."

தோணியப்பர் சால்வைக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தார். பௌர்ணமிக்கு எட்டே நாள்.

"உத்தரவு. ஒரு விண்ணப்பம், அரசே" என்றார் நயினார். "சமைத்தவன் தின்று பார்க்காத பண்டம் உங்கள் இலைக்கு வருவதில்லை. பாட்டனார் காலத்து வழக்கம். இந்த ஓலையைச் சமைத்தவரும் முதலில் ருசி பார்க்கட்டுமே."

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. இப்போது கடைசியாகப் பேசியவர் நயினார் அல்லவா? "பௌர்ணமிவரை தோணியப்பர் குடும்பம் சின்ன ஓலையில் இருக்கட்டும். ஓலையில் சேராத வைத்தியத்தை அவர்களுக்கு எவன் செய்தாலும் கசையடி."

எட்டு நாளில் என்ன வந்துவிடும் என்று தோணியப்பரும் தலையாட்டிவிட்டார்.

சாயங்காலமே நயினார் ஒரு கூடையை இசக்கியிடம் நீட்டினார். உள்ளே பொருள்விளங்கா உருண்டை. வறுத்த அரிசியும் பயறும் வெல்லப்பாகில் பிடித்தது, நயினார் வீட்டம்மாள் கைப்பக்குவம். "வைத்தியருக்குக் கொடு. மனத்தாங்கல் வேண்டாமாம் என்று சொல். வழியில் நீ ஒன்றை எடுத்துக் கடித்துவிடாதே."

இசக்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீடு தவிக்கிறது, இவர் அந்த ஆளுக்குப் பலகாரம் அனுப்புகிறார், எனக்கு ஒன்று தரவும் மனசில்லை. முணுமுணுத்துக்கொண்டே போய்க் கொடுத்தான்.

நாலாம் நாள் காலையில் வைத்தியர் வீட்டிலிருந்து பல்லக்குக்கு ஆள் வந்தது. தோணியப்பரின் ஒரு கன்னம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. கடைவாய்ப் பல் பிளந்து, வலி காதுவரை ஏறியிருந்தது. தன் பல்லைத் தானே பிடுங்க முடியுமா? வைத்தியசாலைக்குத் தூக்கிப் போனார்கள். வாசலில் அவருடைய கையாள் கந்தப்பர் ஓலையோடு உட்கார்ந்திருந்தார்.

"பல் ஓலைக்கு முன்னமே இருந்ததுங்களா?"

"ஏழு வயசிலிருந்து இருக்கிறது ஐயா!"

"அப்போ பழசு. சேராதுங்களே."

"பல்தான் பழசு. வலி புதுசு."

"புதுசென்றால் தொண்ணூறு நாள் கழித்து வாருங்கள். கசையடி யார் படுவது?"

தோணியப்பர் அரண்மனைப் பக்கம் கையைக் காட்டினார். இசக்கி பல்லக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அன்றைக்கு அவனுக்குத் தோள் வலிக்கவே இல்லை.

சபையில் நயினார் எழுத்தாணியோடு தயாராக இருந்தார்.

"முந்தின நோய் சேராது என்கிற வரியை அடித்துவிடலாமா?"

"அடியும்" என்று முனகினார் தோணியப்பர்.

"தொண்ணூறு நாள்?"

"அடியும், அடியும்."

"தொழிலில் வரும் வலி? நேற்று முழுக்க மருந்து அரைத்தீர்களாம், நாளைக்கு உங்கள் தோளும் வலிக்கலாம்."

"அடித்துத் தொலையும்!"

"பிரசவம்? உங்கள் மகள் ஏழாம் மாசத்துக்கு வந்திருக்கிறாளாமே."

தோணியப்பர் கும்பிட்டார்.

"விலை அதே ஒரு கோட்டைதானே?"

தலை வேகமாக ஆடியது. ஓலையில் மிஞ்சியது ஒரே வரி: குடும்பத்தில் யாருக்கு என்ன வந்தாலும் வைத்தியம் பார்க்கப்படும். ராஜா முத்திரை வைத்து இசக்கியிடம் கொடுத்தார். அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதேவிட்டான். கந்தப்பர் குறடோடு வந்து, அங்கேயே பல்லைப் பிடுங்கினார்.

"அது சரி, இவ்வளவு நாள் இருந்த பல் எப்படிச் சரியாக இந்த வாரம் பிளந்தது?" என்றார் ராஜா.

நயினார் மடியிலிருந்து ஓர் உருண்டையை எடுத்துக் காட்டினார். ராஜா அதைத் தூணில் தட்டிப் பார்த்தார். தூணில் கொஞ்சம் காரை உதிர்ந்தது. ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நயினாரே, உமக்கு நூறு பொன் பரிசு. ஆனால் பண்டம் செய்த வீட்டுக்காரர் முதலில் ருசி பார்ப்பதுதானே நம் வழக்கம்? எங்கே, கடியும் பார்ப்போம்."

நயினார் உருண்டையைப் பார்த்தார். வைத்தியரின் கன்னத்தைப் பார்த்தார்.

"கடிக்கிறேன், அரசே. பொன் மெதுவாக வரட்டும், முதலில் எனக்கும் ஒரு காப்போலை கொடுத்துவிடுங்கள்."