அலையாத்தியைப் பிடுங்கிப் பார்த்த குப்பம்

நண்டும் கொக்கும் மனிதரும் ஒரே கழிமுகத்தில், ஒரே பேச்சில் சண்டை போட்டுக்கொண்டு வாழ்ந்த காலம் அது. அப்போதெல்லாம் அலையாத்திக்கும் மற்ற மரங்களைப் போல மண்ணுக்குள்ளேதான் வேர்.

கழிமுகத்து ஓரம் ஒரு குப்பம். அங்கே வள்ளிக்கண்ணு என்று ஒருத்தி, சேற்றில் கைவிட்டுத் தடவி இறால் பிடித்துப் பிழைப்பவள். குப்பத்தார் விறகுக்கும் வேலிக்கும் வெட்டி வெட்டி அலையாத்திக் காட்டை மொட்டையாக்கியிருந்தார்கள். மறைப்பு போனதும், ஐப்பசிப் புயலில் கடல் நேரே குடிசைக்குள் வந்துவிட்டது. ஊர் கூடிப் பேசியது. மறுபடி நடுவோம், அடுத்த ஐப்பசிக்குள் கன்றுகள் வேர் பிடிக்காவிட்டால் குடிசைகளைப் பிரித்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விடுவோம். மேட்டில் இறால் ஏது? வள்ளிக்கண்ணுவுக்குச் சேற்றைத் தவிர வேறு பிழைப்பு தெரியாது.

அதனால் அவளே முன்னால் நின்றாள். தேங்கிய உப்புநீர் வடியவும் கடல்நீர் ஏறி இறங்கவும் வாய்க்கால் வெட்டவைத்தாள். நண்டுகள் வளை தோண்டி மண்ணை இளக்கின. கொக்குகள் தொலைவிலிருந்து விதை பொறுக்கி வந்தன. நட்டு முடிந்ததும் குப்பத்துத் தலைவர் ஓர் ஏற்பாடு செய்தார். தினமும் ஒருவர் முறைவைத்துக் கன்றுகளைப் பார்க்க வேண்டும். வேர் பிடித்ததா இல்லையா என்று சாயங்காலம் கூட்டத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் கன்றுகள் சாய்ந்துகொண்டே இருந்தன. வள்ளிக்கண்ணு ஒரு வரிசையை நிமிர்த்தி நட்டால் மறுநாள் இன்னொரு வரிசை சாய்ந்து கிடந்தது. தண்ணீர் ஒழுங்காகத்தான் ஏறி இறங்கியது. ஆடு மாடும் அந்தப் பக்கம் வருவதில்லை.

ஒருநாள் அவளுடைய கொழுந்தன் சடையனின் முறை. வாய்க்கால் திருப்பத்தில் இறால் தடவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் ஒரு கன்றை மெல்லப் பிடுங்கி, அடியைத் திருப்பிப் பார்த்து, மறுபடி பத்திரமாகச் செருகிக்கொண்டிருந்தான். பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியை வாயில் கவ்வியிருந்ததால் அவளால் உடனே திட்ட முடியவில்லை. கரையேறிப் பறியை இறக்கி வைத்தாள்.

“என்னடா பண்றே?”

“வேர் பிடிச்சிருக்கான்னு பாக்குறேன் அண்ணி. தலைவர் கேப்பாரே.”

“பிடிச்சிருந்துதா?”

“இப்பத்தான் பிடிக்க ஆரம்பிச்சிருந்துது.”

வள்ளிக்கண்ணு தலையில் கை வைத்துச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். வளைக்குள்ளிருந்து நண்டு எட்டிப் பார்த்தது.

“நாங்க பிடுங்க மாட்டோம்மா. அடியில நுனியைக் கொஞ்சூண்டு கிள்ளித்தான் பாப்போம்.”

“நான் அலகால ஒரு ஆட்டு ஆட்டிப் பாப்பேன்,” என்றது கொக்கு. “ஆடலைன்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தம்.”

“ஆடினா?”

“ஆடினா சாஞ்சிடும்.”

அன்றைக்குக் கூட்டத்தில், இனி ஒருத்தரும் கன்றைத் தொடக் கூடாது என்று கத்தித் தீர்த்தாள். தலைவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “தொடாம எப்படிம்மா தெரியும்? கண்ணுக்குத் தெரியாததைப் பிடிச்சிருக்குன்னு நான் எப்படிச் சொல்றது? அதை நம்பித்தானே புள்ளைகுட்டியோட இங்கே இருக்கணும்?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

புரட்டாசி முடிந்து வானம் கறுத்தது. நின்ற கன்றுகளை விடச் சாய்ந்தவையே அதிகம். சிலர் கூரைக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்கள். “நீயே போய்ப் பாத்துச் சொல்லு வள்ளிக்கண்ணு. இருக்கிறதா, போறதா?” என்றார் தலைவர்.

வாய்க்கால் வாயில் நின்ற கன்றிடம் போனாள். இலை பச்சையாகத்தான் இருந்தது. வேர் இல்லாமலும் சில நாள் இலை பச்சையாக இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். இருங்கள் என்று சொல்லி, பிறகு கடல் ஏறி வந்தால்? கை தானாகத் தண்டைப் பற்றியது. பாதி இழுத்தேவிட்டாள்.

“வா,” என்றது கன்று. “நீ ஒருத்திதான் பாக்கி. நண்டு கிள்ளியாச்சு, கொக்கு ஆட்டியாச்சு, உன் கொழுந்தன் தலைகீழாவே பிடிச்சுப் பாத்துட்டான். ஒரு பொழுதாவது என்னை நிம்மதியா நிக்க விட்டீங்களா?”

“கோவிச்சுக்காதே. ஊரே கிளம்பப் போகுது. பிடிச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லேன். போய்ச் சொல்லிடறேன்.”

“நான் சொன்னா மட்டும் நம்புவாங்களா? அதையும் பிடுங்கித்தான் பாப்பாங்க. கையை எடு. உங்களுக்கு வேரைப் பாக்கணும், அவ்வளவுதானே? பாத்துத் தொலைங்க.”

வள்ளிக்கண்ணு கையை எடுத்தாள். அடுத்த வற்றத்தில், கடல்நீர் இறங்கிச் சேறு தெரிந்ததும், குப்பமே வந்து பார்த்தது. கன்றைச் சுற்றிச் சேற்றைக் குத்திக்கொண்டு, விரல் விரலாக வேர்கள் வானம் பார்த்து நின்றன. நின்றிருந்த மற்றக் கன்றுகளிலும் அப்படியே. தலைவர் குனிந்தார். அவர் கை நீண்டது. வள்ளிக்கண்ணு ஒரு பார்வை பார்த்தாள். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அவிழ்த்த கயிற்றைத் திரும்பக் கட்டினார்கள். ஐப்பசியில் கடல் வந்தது. இளங்கன்றுகள் அதை அப்படியே தடுத்துவிட்டன என்று சொல்ல முடியாது. வேகம் குறைந்து வந்த தண்ணீர், வாசலில் நின்று திரும்பிப் போனது. குடிசைகள் நின்றன. வள்ளிக்கண்ணு மறுநாளே பறியைக் கவ்விக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

அந்த ஐப்பசி தொட்டுத்தான் அலையாத்தி தன் வேர்களைச் சேற்றுக்கு மேலே நிமிர்த்திக் காட்டிக்கொண்டு நிற்கிறது, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே.