பிரிண்டர் போட்ட துண்டு

கதைக்குள் நுழையுமுன் கேட்போர் அறிந்திருக்க வேண்டியவை சில உள. மந்தியூர் முத்துப்பல்லக்கு டிராவல்ஸில் டிக்கெட் கொடுத்து வந்தது உடம்பில்லாத ஒரு கணினி. பின்னறையில் இருந்த பெரிய கணினியின் வயிற்றுக்குள் அது குடியிருந்தது. மெய்நிகர் கணினி என்பார்கள். அதில் எதைச் செருகினாலும் அதற்கென்று நினைவகத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கும். பிடுங்கினாலோ, அந்த இடத்தைத் தானாக மீட்டுக்கொள்ள அதற்குத் தெரியாது. திரையில் 'விடுவி' என்னும் பொத்தானை யாராவது அழுத்த வேண்டும். இன்னொன்று: பஸ்ஸில் இடம் பிடிக்கப் பிறர் போட்ட துண்டை மந்தியூர்க்காரர்கள் தொடமாட்டார்கள். தொட்டவர் இடும்பன் ஒருவரே. அவருக்கு முன்பல் இல்லை.

டிராவல்ஸின் மேலாளர் பூவராகன் அன்று மாலை உடுமலை பஸ்ஸில் ஏறியாக வேண்டும். மறுநாள் காலையில் தங்கை மகளுக்குக் காதுகுத்து.

"மாமன் மடி இல்லாம ஆசாரி ஊசியத் தொடமாட்டாரு. நீ வரல, அப்புறம் எனக்கு அண்ணனே கிடையாது" என்று தங்கை போனில் சொல்லியிருந்தாள். கணினி டிக்கெட் கொடுக்காமல் பஸ் புறப்படாது. எனவே கணினியின் நலத்தில் பூவராகனுக்கு அன்று தனி அக்கறை இருந்தது.

'வேலை முடிந்ததும் மின்சாதனங்களைக் கழற்றி வைக்கவும்' என்று முதலாளி சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். ஒரு டிக்கெட் அச்சானால் ஒரு வேலை முடிந்தது. ஆகவே கவுண்ட்டரில் இருந்த குஞ்சிதம் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் பிரிண்டரைச் செருகினார், அச்சடித்தார், பிடுங்கினார், துடைத்து உறைக்குள் வைத்தார். அடுத்த பயணி வந்ததும் உறையைக் கழற்றினார்.

பிற்பகலில் கணினி திணறத் தொடங்கியது. பூவராகன் கோயம்புத்தூரில் இருந்த பொறியாளர் நாச்சியாரை அழைத்தார்.

"சார், பிரிண்டரைக் கழட்டிட்டீங்க. அதுக்குக் குடுத்த இடம் அப்படியே கிடக்கு. பஸ்ல துண்டைப் போட்டுட்டு ஆள் இறங்கிப் போயிட்டா எப்படி? அந்த மாதிரி. 'விடுவி'யை அழுத்துங்க, சரியாயிடும்."

நாச்சியார் இந்த உவமையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பூவராகன் போனை வைத்துவிட்டு வியர்த்தார். "துண்டு போட்டிருக்காம்."

"யாருது?" என்றார் மூட்டை ஏற்றும் இடும்பன்.

"பிரிண்டரோடது."

இடும்பன் வாயைப் பொத்திக்கொண்டார். "கேக்காம எடுத்துடாதீங்க, அண்ணாச்சி. நான் பட்டவன்."

"கேட்டா பதில் சொல்லுமா அது?" என்றார் பூவராகன்.

குஞ்சிதம் ஆழ்ந்து யோசித்தார். "உறைக்குள்ள கிடக்கறப்ப எப்படிங்க பேசும்? மாட்டினாத்தான் பேசும்."

மாட்டினார்கள். கணினி புதிதாக ஓர் இடம் ஒதுக்கியது. பூவராகன் குனிந்து, "துண்டை எடுத்துக்கலாங்களா?" என்றார். பிரிண்டர் உறுமி, ஒரு வெற்றுத்தாளைத் தள்ளியது.

"சம்மதம்" என்றார் குஞ்சிதம்.

"சம்மதம்னா எழுதிக் குடுத்திருக்குமே? ஒண்ணும் எழுதலையே" என்றார் இடும்பன்.

"கோவமா இருக்கும். கொஞ்சம் ஆறட்டும்" என்று பூவராகன் தீர்ப்பளித்தார். மரியாதையாகக் கழற்றி வைத்தார்கள். ஆறியதும் மீண்டும் மாட்டிக் கேட்டார்கள். மீண்டும் வெற்றுத்தாள். இப்படிக் கேட்கக் கேட்க இடம் குறைந்து, கடைசியில் 'நினைவகத்தில் இடமில்லை' என்று எழுதிவிட்டுத் திரை உறைந்தது.

பூவராகனின் கண்முன் ஆசாரியின் ஊசி ஊசலாடியது. அவர் மறுபடி நாச்சியாரை அழைத்தார்.

"ஐயோ சார்! நான் இங்கிருந்தே கணினிய அணைச்சு மறுபடி எழுப்பிக்கறேன். நீங்க யாரும் எதையும் தொடாதீங்க!"

மூவரும் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றனர். மூக்கு அரித்தபோதும் பூவராகன் தொடவில்லை.

கணினி அணைந்து எழுந்தது. நினைவகம் முழுவதும் காலி. டிக்கெட்டுகள் மளமளவென்று விற்றன. பூவராகன் தமக்கென்று வைத்திருந்த இருக்கை மட்டும் எஞ்சியது. அப்போது இடும்பன் கேட்டார்:

"அண்ணாச்சி, அத்தனை துண்டையும் தூக்கி எறிஞ்சாச்சே. பிரிண்டர் இப்ப எங்க உக்காரும்?"

பூவராகன் தம் இருக்கையை அதற்கு விட்டுக்கொடுத்தார். அவர் நியாயஸ்தர். கடைசி டிக்கெட்டைப் பிரிண்டர் தன் பெயருக்குத் தானே அச்சடித்துக்கொண்டது. இருக்கையில் துண்டு விரித்து அதை அமர்த்தினார்கள். நின்றபடி வரத் தமக்கொரு பயணச்சீட்டை நடத்துநரிடம் வாங்கிக்கொண்டு பூவராகன் உடுமலை வரை அதன் பக்கத்திலேயே நின்றார்.

காதுகுத்துப் பந்தலில் பிரிண்டரைப் பக்கத்தில் இறக்கிவிட்டு, அதன் துண்டால் முகம் துடைத்து, மறதியாக மடியில் போட்டுக்கொண்டார்.

"அண்ணா, பாப்பாவ வாங்கு" என்றாள் தங்கை.

பூவராகன் குனிந்து பார்த்தார். முகம் வெளுத்தது. "மடியில துண்டு கிடக்கே, தாயி."

"எடேன்!"

"என்னுது இல்ல. பிரிண்டரோடது."

"நல்ல நேரம் முடியப் போவுதுங்க" என்றார் ஆசாரி.

பின்னர் முடிவாகத் தெரியவந்தவை இவை. காதுகுத்து நல்ல நேரத்துக்குள்ளேயே நடந்தது: மாமன் மடியில் பிரிண்டர் அமர்ந்தது, பிரிண்டரின் மேல் குழந்தை அமர்ந்தது. தங்கைக்கு அண்ணன் இன்னும் உண்டு. ஆனால் குழந்தை 'மாமா' என்று கூப்பிடுவது பிரிண்டரைத்தான். ஆசாரி அதற்கும் குத்திவிட முன்வந்தார். எவ்வளவு திருப்பிப் பார்த்தும் காது அகப்படவில்லை. மந்தியூரில் செருகவும் பிடுங்கவும் ஒன்றுமில்லாததால் கணினி அதன்பின் திணறவே இல்லை. பிரிண்டர் மட்டும் இன்றுவரை உடுமலையிலேயே இருக்கிறது. அது ஊர் திரும்ப மந்தியூர் அலுவலகம்தான் டிக்கெட் அச்சடித்து அனுப்ப வேண்டும். பிரிண்டர் வந்ததும் முதல் வேலையாக அச்சடித்துவிடுவதாகக் குஞ்சிதம் உறுதி கூறியிருக்கிறார்.