ஐந்தாவது துண்டு

ஹுவே நகரத்துத் தையல் கடை ஒன்றில் ஒரு சமயம் கல்யாண ஆவ் யாய் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. ஆவ் யாய் என்றால் வியட்நாம்காரர்கள் கால்சட்டைக்கு மேலே போடுகிற நீள அங்கி. பழைய முறைப்படி அதற்கு ஐந்து துண்டு. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு: பெண்ணின் அப்பா, அம்மா, மாமனார், மாமியார். ஐந்தாவது ஒரு சின்னத் துண்டு. முன்பக்கத்துக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். அதுதான் உடுத்துகிறவள்.

பொத்தானும் ஐந்து. அன்பு, மரியாதை, நியாயம், அறிவு, வாக்குத் தவறாமை என்று பெயர் மட்டும் பெரிது பெரிதாக.

நாலு பெரிய துண்டுகளும் சிவப்புப் பட்டில் ஒன்றாகத் தைக்கப்பட்ட நிமிஷத்திலிருந்து ஒரே ஜம்பம்.

"என் மேலதான் ஜரிகைப் பூ வரப்போகுது," என்றது மாமியார்த் துண்டு.

"பூ இருக்கட்டும், பெத்தது நான்," என்றது அம்மாத் துண்டு. "ஆமா, உள்ளே யாரு அது?"

"நான்தான். அவ," என்றது சின்னத் துண்டு.

"அவளுக்கு எதுக்குத் தனியா ஒரு துண்டு? அதான் நாங்க நாலு பேர் இருக்கோமே!"

"அவ நெஞ்சு அடிக்கிறது உங்க நாலு பேருக்கும் கேட்குதா? எனக்குக் கேட்கும்."

"வாயைப் பாரு!" என்றது அப்பாத் துண்டு. "மறைஞ்சிருக்கிறதுதான்டி உனக்கு அழகு."

சின்னத் துண்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவ்வளவு அழகென்றால் இவர்கள் ஒரு நாள் மறைந்திருந்து பார்க்கட்டுமே! அளவு பார்க்க வந்த அன்று மணப்பெண் குயென் அதை விரலால் தடவி, "இது எதுக்கு அக்கா?" என்று கேட்டிருந்தாள். "அதுதான் நீ," என்றாள் தையற்காரி தியெப். குயென் விரலை எடுக்கவே இல்லை. அந்த ஒரு விரலை நினைத்துத்தான் அது நாளை ஓட்டிக்கொண்டிருந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் குயெனோடு அவள் மாமியாராகப் போகிற லியென் அம்மாள் வந்தாள். குயென் திரைக்குப் பின்னால் போன நேரம் பார்த்து, மேசைமேல் கிடந்த அங்கியைப் புரட்டினாள்.

"இது என்ன உள்ளே கந்தல்? போட்டோவுல வயிறு தள்ளித் தெரியும். வெட்டி எறி."

"அக்கா, அந்தத் துண்டுலதான்..." என்று தொடங்கினாள் தியெப்.

"வெட்டுன்னா வெட்டு! யார் பார்க்கப் போறா?"

"சரியான பேச்சு," என்றன நாலு துண்டுகளும். அம்மாத் துண்டும் சேர்ந்துதான்.

சின்னத் துண்டு தன்மேல் உட்கார்ந்திருந்த பொத்தானைப் பார்த்தது. "நியாயம், நீயாவது பேசேன்!"

நியாயம் தொண்டையைக் கனைத்துக்கொண்டது. "குடும்ப விஷயத்துல நாங்க தலையிடுறதில்லைம்மா."

"அப்படியா? அப்ப சரி," என்றது சின்னத் துண்டு. கத்தரிக்கோலிடம் சொன்னது: "வெட்டு. ஆனா என்மேல தைச்சதெல்லாம் என்னோடதான் வரும்."

தியெப் உதட்டைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். துண்டு கூடையில் விழுந்தது.

தியெப் திரைக்குள் நீட்டிய அங்கியைப் போட்டுக்கொண்டு குயென் வெளியே வந்தாள். வலது பக்கம் கழுத்திலிருந்து இடுப்பு வரை ஆவென்று திறந்து கிடந்தது. நாலு துண்டுகளும் மின்விசிறிக் காற்றில் ஆளுக்கொரு திக்கில் பறந்தன. "பிடி, பிடி! மானம் போகுது!" என்று ஒன்றையொன்று இழுத்தன. லியென் அம்மாள் ஓடிவந்து இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தாள்.

"பொத்தான் எல்லாம் எங்கே?"

தியெப் கூடையைக் காட்டினாள். "அந்தத் துண்டுலதான் அக்கா இருந்துது. சொல்ல விட்டீங்களா?"

"வந்துடு கண்ணு, கோவிச்சுக்காதே," என்று கெஞ்சின நாலும். இப்போது மட்டும் கண்ணாம்! சின்னத் துண்டு முகம் கொடுக்கவில்லை.

"சரி, குண்டூசி குத்திக்கலாம்," என்றாள் லியென் அம்மாள். "ஒரு நாள்தானே."

கூடைக்குள் ஒரு கை வந்தது. அதே விரல். குயென் சின்னத் துண்டை எடுத்து, நூல் பிசிறைத் தட்டி, நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"குண்டூசி வேண்டாம் அத்தை. முதல்ல இதைத் தைக்கட்டும். அதுக்கப்புறம் கல்யாணத்துக்கு வேற நாள் பார்க்கலாம்."