கண்ணை மூடி வெளிச்சம் பிடித்தவர்

மறையப்போன சூரியனைச் செம்மணல் தேரிக்காட்டின் தலைக்குமேல் ஏழு நிமிடம் நிறுத்திவைத்தவர் சுவிசேஷமுத்து. அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. நம்ப முடியாதவர்கள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். அவர்களுக்குத் துணையாக, நம்பாத ஆசாமி ஒருவர் கதைக்குள்ளேயே இருக்கிறார்.

சுவிசேஷமுத்து என்ற இந்த அடியாரின் வேலை மிகச் சிறியது. கிறிஸ்துவின் வாழ்க்கையைப் படமாக்கி ஊர் ஊராகத் திரைகட்டிக் காட்டும் ஒரு குழுவில் அவர் வெளிச்சப் பலகை பிடித்தார். வெள்ளித்தாள் ஒட்டிய பலகையை வெயிலுக்குக் காட்டி, நிழலில் நிற்பவர் முகத்துக்கு ஒளியைத் திருப்பவேண்டும். பலகையின் கனம் ஒரு கோயில் கதவு இருக்கும். இரண்டு கதவு என்றே வைத்துக்கொள்வோம். செம்மணல் சூட்டில் அவர் பாதத்தடியில் முட்டை பொரிக்கலாம். தினமும் எல்லோருக்கும் முன்னால் எழுந்து பலகையை வேட்டி நுனியால் துடைப்பார். "ஆண்டவரே, உம்ம முகத்துல நிழல் விழாம பாத்துக்கிடுதேன்" என்பார். அதுதான் அவரது காலை ஜெபம்.

அவரிடம் ஒரே ஒரு குறை. ஜெபம் என்று யார் ஆரம்பித்தாலும் அவர் கண் மூடிக்கொள்ளும், தலை குனிந்துவிடும். மனைவி தங்கபுஷ்பம் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாளில், அடியார் அவர் தலையில் கைவைத்துக் கண்மூடி ஜெபித்தார். திறந்தபோது அந்த அம்மாள் சிரித்த முகமாய்ப் போயிருந்தார். அன்றுமுதல் கண்ணைத் திறந்துகொண்டு ஜெபத்தில் நிற்பதில்லை என்று உறுதி எடுத்தார்.

ஒளிப்பதிவாளர் ரூபஸுக்கு இது எரிச்சல். கையிலுள்ள மீட்டரில் முள் காட்டினால்தான் வெளிச்சம் உண்டென்று நம்புகிறவர். "அண்ணாச்சி, நீரு கண்ணை மூடிக்கிட்டா பலகையை யாருவே பாப்பா?" என்பார்.

"நான் மூடுனாத்தான தம்பி அவரு பாப்பாரு. நானே பாத்துக்கிட்டிருந்தா அவருக்கு என்ன வேலை?"

"அவருக்குச் சம்பளம் கிடையாதுவே. உமக்கு உண்டு."

குழு சிரிக்கும். அடியாரும் சிரிப்பார்.

லாசரு உயிரோடு எழும் காட்சியை எடுத்த நாள் வந்தது. தேரியின் மணல்மேட்டைக் குடைந்து, சாக்கும் களிமண்ணும் பூசிக் கல்லறை கட்டியிருந்தார்கள். வாசல் கிழக்கே பார்த்தது. மாலையில் அங்கே இருட்டு. மேற்கு வெயிலை அடியாரின் பலகைதான் உள்ளே அனுப்பவேண்டும். இயேசுவாக நடித்தவர் வானத்தை நோக்கி ஜெபிப்பார், பிறகு கூப்பிடுவார், லாசரு அந்த ஒளிக்குள் வந்து நிற்கவேண்டும்.

முதல் தடவை, ஜெபம் தொடங்கியதும் அடியாரின் தலையோடு பலகையும் குனிந்தது; ஒளி ஓர் ஆட்டின் முதுகில் போய் விழுந்தது. இரண்டாம் தடவை, கூட்டமாக நடிக்க வந்த பக்கத்துச் சபையார் அறுபது பேரும் பழக்கதோஷத்தில் கண்மூடிக் குனிந்து, முடிவில் ஒரே குரலில் "ஆமென்" என்றார்கள். மூன்றாம் தடவை கூட்டம் குனியவில்லை; பலகை மறுபடி குனிந்தது, லாசருவும் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தால் அவரும் உள்ளே முழங்காலில் நிற்கிறார்.

மீதி இருந்தது ஒரே ஒரு சுருள் ஃபிலிம், மூன்று நிமிடத்துக்கு. இயேசுவாக நடித்தவரோ மறுநாள் தாடியை மழித்துவிட்டு வங்கி வேலைக்குத் திரும்பவேண்டியவர். வெயில் பனைமரக் கழுத்துவரை இறங்கிவிட்டது.

இயக்குநர் ஜீவரத்தினம் அடியாரிடம் வந்தார். "முத்து அண்ணாச்சி, இது போச்சுன்னா படமே இல்ல. கல்லறையோட கதையை நிறுத்திட்டு எந்த ஊருல போய் என்னத்தைக் காட்ட? ஒரு தடவை, ஒரே தடவை கண்ணைத் தொறந்து வச்சுக்கிடும். முடியலன்னா பலகையைக் கீழ வச்சுரும்."

அடியார் வேட்டி நுனியால் பலகையைத் துடைத்தார். பிறகு, "பலகை இறங்காது சார்" என்றார். கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கேமரா ஓடியது. இயேசு முகத்தை உயர்த்தினார். அறுபது பேரும் கண்ணை அகல விழித்து, இமைக்கவும் பயந்து நின்றார்கள். ரூபஸ் ஒரு கண்ணைக் கேமராவில் வைத்து, மறுகண்ணை அடியார்மேல் வைத்தார்.

அடியாரின் இமைகள் மூடின.

பலகை சரியப்போகிறது என்று ரூபஸ் நினைத்தார். ஆனால் தலைதான் குனிந்தது. கைகள் தூண்போல நின்றன. அப்போதுதான் சூரியன் பனங்காட்டுக்குப் பின்னால் இறங்கியது. மணல் கறுத்தது, கூட்டத்தின் முகங்கள் மங்கின. கையிலிருந்த மீட்டரைப் பார்த்துவிட்டு "நிறுத்துங்க" என்று சொல்ல ரூபஸ் வாய் திறந்தார், சொல்லவில்லை. கல்லறை வாசல் மட்டும் பட்டப்பகலாய் இருந்தது. கூப்பிடும் குரல் எழுந்தது. லாசரு சீலை சுற்றிய உடம்போடு வெளிச்சத்துக்குள் வந்து நின்றார். சுருள் தீர்ந்து கேமரா ஓய்ந்தபின் எங்கோ ஒருவர் "ஆமென்" என்றார். அடியார் கண் திறந்து பலகையை இறக்கினார். வாசல் இருண்டது.

ஏழு நிமிடம் என்று மேலே சொன்னது சந்தோஷத்தில் வந்துவிட்டது. சுருள் மூன்று நிமிடம்தான். சூரியனும் நிற்கவில்லை, அது தன் பாட்டுக்குப் போய்விட்டது. ஒளிதான் போகவில்லை.

"மேகத்துல பட்டுத் தெறிச்சிருக்கும்" என்றார் ரூபஸ். அன்று வானத்தில் மேகமே இல்லை. "அப்போ பிரிண்ட்ல ஒண்ணும் விழுந்திருக்காது, பாருங்க" என்று வைராக்கியமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரிண்ட் வந்தது. முதல்முதலாக அந்த அறுபது பேரின் ஊரிலேயே திரைகட்டினார்கள். அடியார் பின்னால் மணலில், ஓடும் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கல்லறைக் காட்சி வந்தது. சுற்றிலும் இருள் கவிய, லாசருவின் முகம் மட்டும் தெளிவாய்த் துலங்கியது. தம் கையால் பிடித்த வெளிச்சத்தை அடியார் அன்றும் பார்க்கவில்லை. திரையில் இயேசு ஜெபித்துக்கொண்டிருந்தாரே. தம் முகத்துக்கு ஒளி தேடாமல் ஆண்டவர் முகத்துக்கே ஒளி பிடித்த அந்தக் கைகள் வாழ்க.

படம் முடிந்ததும் ஜீவரத்தினம் கேட்டார்: "ரூபஸ், அந்த நேரத்துக்கு உன் மீட்டர்ல முள்ளு எங்க நின்னுது?"

ரூபஸ் மீட்டரைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

"முள்ளு அசையவே இல்ல சார். வெளிச்சம் இருந்துது. நான் பாத்தேன்."